கட்டுபவரை எப்போது கேட்பது?
சிட்னி ஆப்பெரா மாளிகை சொல்லும் பாடம்

செய்தித்தாள்களில் வெளியாகும் டெண்டர் அறிவிப்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பள்ளிக் கட்டடமோ, மருத்துவமனையோ, பாலமோ, எதுவானாலும் அறிவிப்பின் சாரம் ஒன்றுதான். வேலை இன்னது, மதிப்பீட்டுத் தொகை இவ்வளவு, இன்ன நாளுக்குள் முத்திரையிட்ட உறையில் ஒப்பந்தப்புள்ளி வந்து சேர வேண்டும். தகுதியுள்ளோரில் குறைந்த தொகை கேட்பவருக்கு வேலை கிடைக்கும்.

அறிவிப்பு வெளிவருவதற்கு முன்பே கட்டடத்தின் படங்கள் வரைந்தாகிவிடும் என்பது எதிர்பார்ப்பு. தூண் எங்கே நிற்கும், உத்தரம் எவ்வளவு கனம், கூரை எப்படி வளையும் என்பவை எல்லாம் முடிவாகியிருக்கும். அந்தக் கட்டடத்தை உண்மையில் எழுப்பப் போகிற ஒப்பந்தக்காரர் மட்டும் அதுவரை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். “இந்தக் கூரைக்குச் சாரம் கட்டுவது எப்படி? இந்த வளைவுக்கு எத்தனை அச்சுகள் வேண்டும்? இந்தத் துண்டைத் தூக்கும் கிரேன் கிடைக்குமா?” என்றெல்லாம் கேட்கத் தெரிந்தவர் கடைசியாகத்தான் வந்து சேர்கிறார்.

“அவரை முதலிலேயே அழைத்தால் என்ன?” என்று உங்களுக்குத் தோன்றலாம். நல்ல கேள்விதான். ஆனால் உடனே மறு கேள்வி எழும். விலை முடிவாகுமுன் ஒருவரை அழைத்து உட்கார வைத்தால் போட்டி எங்கே? பொதுமக்கள் பணத்தைச் செலவிடுகிறபோது வேண்டியவருக்கு வேலை கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சுக்கு இடம் தரலாமா?

இந்த இரு நியாயங்களும் நேருக்கு நேர் மோதிய இடம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத் துறைமுகத்தில், விரிந்த பாய்மரங்களைப் போல நிற்கும் ஆப்பெரா மாளிகைதான் அது. மூன்று கட்டங்களாக அது கட்டப்பட்டது. மூன்று கட்டங்களிலும் வடிவமைப்பவருக்கும் கட்டுபவருக்கும் இருந்த உறவு மூன்று விதமாக அமைந்தது. ஆகவே இந்தக் கேள்வியை ஆராய இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

பெருந்தச்சர் இருவரானார்

வரைபவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர் என்ற பிரிவு பழங்காலத்தில் இல்லை. இடைக்கால ஐரோப்பாவின் மாபெரும் தேவாலயங்களைக் கட்டிய தலைமைக் கல்தச்சரே அளவும் போட்டார், ஆட்களையும் வேலை வாங்கினார். பின்னர் கட்டடக் கலைஞர் என்பவர் தனித் தொழிலர் ஆனார். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் போன்ற நகரங்களில், கொத்து வேலை, தச்சு வேலை, கருமான் வேலை அனைத்தையும் ஒருங்கே ஏற்றுச் செய்யும் பெரிய ஒப்பந்தக்காரர்கள் தோன்றினர். தாமஸ் கியூபிட் என்பவர் இவர்களுள் முன்னோடி. “முழு வேலைக்கும் ஒரே தொகை, அதற்குப் போட்டி” என்னும் முறை வலுப்பெற்றது.

இப்பிரிவுக்கு நல்ல காரணமும் இருந்தது. கட்டுபவர் செலவைக் குறைத்து லாபத்தைப் பெருக்க விரும்புவார். கட்டடக் கலைஞர் உரிமையாளரின் பக்கம் நின்று அவரைக் கண்காணிப்பார். ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு சாதாரணக் கட்டடங்களுக்கு நன்றாகவே பயன்பட்டது. நான்கு சுவரும் தட்டைக் கூரையும் உள்ள பள்ளிக்கூடத்தை எப்படிக் கட்டுவது என்பது வரைபவருக்கும் தெரியும், கட்டுபவருக்கும் தெரியும். இருவரும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளத் தேவையில்லை. இதற்கு முன் எவருமே கட்டாத ஒன்றைக் கட்ட நேரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு போட்டியும் ஒரு கனவும்

சிட்னிக்கு நல்ல இசை அரங்கு வேண்டுமென்று 1940களின் இறுதியிலிருந்தே வற்புறுத்தி வந்தவர், அந்நகர இசைக்குழுவின் நடத்துநர் யூஜின் கூசன்ஸ். நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் ஜோசப் காஹில் அதை ஏற்றார். பென்னலாங் முனை என்னும் இடம் தேர்வு செய்யப்பட்டது. அங்கே அப்போது டிராம் வண்டிகளின் பணிமனை ஒன்று இருந்தது. உலகளாவிய வடிவமைப்புப் போட்டி அறிவிக்கப்பட்டு, 233 வடிவங்கள் வந்தன. 1957 ஜனவரி 29ஆம் நாள் முடிவு வெளியாயிற்று. வென்றவர் டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சன். அவருக்கு வயது 38.

உட்சன் அனுப்பியவை விரிவான கட்டுமானப் படங்கள் அல்ல. அகன்ற மேடையின்மேல் வெண்மையான சிப்பிகள் காற்றில் மிதப்பதுபோல் தோன்றும் ஓவியங்கள் என்றே அவற்றைச் சொல்லலாம். அச்சிப்பிகளின் கணித வடிவம் என்ன, கனம் எவ்வளவு, எதைத் தாங்கி எது நிற்கும் என்பவை அப்படங்களில் இல்லை. எனினும் 35 லட்சம் ஆஸ்திரேலியப் பவுன் செலவாகும் என்று மதிப்பிட்டார்கள். பின்னர் வந்த டாலர் கணக்கில் இது 70 லட்சம். 1963 ஜனவரி 26இல் வேலை முடியும் என்றும் சொன்னார்கள். பணம் திரட்ட அரசு தனி லாட்டரி ஒன்றையே நடத்தியது.

இயற்பியல் மாணவர்களாகிய நீங்கள் ஒன்றைக் கவனியுங்கள். எந்த அளவீட்டையும் அதன் பிழை வரம்போடு சொல்வது நம் பழக்கம். வடிவமே முடிவாகாத கூரைக்குச் சொல்லப்பட்ட மதிப்பீட்டின் பிழை வரம்பு என்னவாக இருக்க முடியும்? அதை எவரும் மக்களிடம் சொல்லவில்லை.

முதல் கட்டம்: படத்தை முந்திய வேலை

முதல்வர் காஹிலுக்கு ஓர் அச்சம் இருந்தது. தேர்தலில் ஆட்சி மாறினாலோ, மக்கள் மனம் மாறினாலோ திட்டமே கைவிடப்படலாம். ஆகவே பின்வாங்க முடியாதபடி வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்று அவர் விரைந்தார். 1959 மார்ச் 2ஆம் நாள் பணி தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் காஹில் காலமானார். அவர் அவசரப்பட்டிராவிட்டால் மாளிகையே எழுந்திருக்காது என்று கூறுவாரும் உளர். அதில் உண்மை இல்லாமலில்லை.

ஆனால் அவசரத்துக்கு விலை இருந்தது. அடிமேடையைக் கட்டும் ஒப்பந்தத்தை சிவில் அண்ட் சிவிக் என்ற நிறுவனம் பெற்றது. வேலை தொடங்கியபோது படங்கள் முழுமை பெறவில்லை. உட்சனின் அலுவலகம் டென்மார்க்கில், பொறியாளர்களான ஓவ் அருப் நிறுவனத்தார் லண்டனில், கட்டுமானம் சிட்னியில். படம் வருவதற்காக வேலை காத்திருந்தது. வந்த படமும் மாறியது. எதிர்பாராத மழைநீர்க் கால்வாய் ஒன்றைத் திருப்பிவிட நேர்ந்தது. 1961 ஜனவரியில் கணக்குப் பார்த்தபோது வேலை 47 வாரம் பின்தங்கியிருந்தது. ஒப்பந்தக்காரர் கூடுதல் தொகை கேட்டார். கேட்காமல் என்ன செய்வார்? அவர் விலை சொன்ன கட்டடம் ஒன்று, கட்டிய கட்டடம் வேறொன்று.

மிகப் பெரிய தவறு தூண்களில் வெளிப்பட்டது. மேலே வரப்போகும் கூரையின் எடை இன்னும் தெரியாத நிலையில், அதைத் தாங்கும் தூண்கள் கட்டப்பட்டுவிட்டன. மெல்லிய, இலேசான சிப்பி என்றுதான் அப்போது எண்ணியிருந்தார்கள். பிறகு கூரை வடிவம் மாறி எடை கூடியது. அந்தத் தூண்கள் போதா என்று தெரிந்ததும் அவற்றை உடைத்து, மேலும் வலுவாகக் கட்ட நேர்ந்தது.

காகிதத்தில் போட்ட தவறான கோட்டை ரப்பரால் ஒரு நொடியில் அழித்துவிடலாம். கான்கிரீட்டில் போட்ட கோட்டை உடைத்துத்தான் அழிக்க வேண்டும். திட்டமிடும்போது திருத்தம் மலிவு, கட்டும்போது திருத்தம் விலை அதிகம் என்னும் எளிய உண்மையை இத்தூண்கள் உணர்த்துகின்றன.

ஒரு விஷயத்தை இங்கே மறந்துவிடக் கூடாது. முதல் கட்டத்தில் ஒப்பந்தக்காரர் சீக்கிரமே வந்துவிட்டார் அல்லவா, பிறகு ஏன் இந்த இடர்ப்பாடு என்று நீங்கள் கேட்கலாம். அவர் வந்தது கட்டுவதற்காக. யோசனை சொல்வதற்காக அல்ல. சீக்கிரம் தொடங்குவது வேறு. சீக்கிரம் கலந்து பேசுவது வேறு.

ஏன் நிற்க மறுத்தது சிப்பி?

இனிக் கூரைக்கு வருவோம். முட்டை ஓடு மெல்லியது, ஆயினும் வலுவானது. காரணம் அதன் வடிவம். மேலிருந்து வரும் விசை வளைவின் வழியாகவே அமுக்கு விசையாகப் பரவிக் கீழே இறங்குகிறது. கான்கிரீட்டும் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவையையும் வளைவையும் தாங்குவதில் அது பலவீனமானது. எனவே மெல்லிய கான்கிரீட் சிப்பி நிற்க வேண்டுமானால், விசை செல்லும் பாதைக்கு இசைய அதன் வடிவம் அமைய வேண்டும். உட்சன் வரைந்த சிப்பிகளோ கண்ணுக்கு அழகாக அமைந்தவை. இரு பக்கச் சிப்பிகள் உச்சியில் கூரிய முகடாகச் சந்தித்தன. அத்தகைய வடிவத்தில் வளைக்கும் விசைகள் மிகுதியாகத் தோன்றும்.

ஓவ் அருப்பின் பொறியாளர்கள் பரவளையம், நீள்வட்டம் என்று பல வடிவங்களை ஆண்டுக்கணக்கில் முயன்றார்கள். கணினி அப்போது புதிய கருவி; அதையும் பயன்படுத்தினார்கள். ஏறத்தாழ 12 வடிவங்கள் பரிசீலிக்கப்பட்டன. கணக்கில் நிற்கும் வடிவங்கள் கிடைத்தாலும் அவற்றைக் கட்டுவது எப்படி என்ற கேள்விக்கு விடை இல்லை. பரவளையத்தில் வளைவு இடத்துக்கு இடம் மாறும். ஆகையால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வோர் அச்சு செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கான துண்டுகளுக்கு ஆயிரக்கணக்கான அச்சுகள்! எந்தக் கருவூலமும் அதைத் தாங்காது.

1961இல் உட்சன் கண்ட விடை மிக எளியது. எல்லாச் சிப்பிகளையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டியெடுத்தால் என்ன? கோளத்தின் ஆரம் சுமார் 75 மீட்டர். கோளத்தின் எப்பகுதியிலும் வளைவு ஒன்றே. ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாருங்கள். சுளைகள் எல்லாம் இரு முனைகளுக்கிடையே ஒரே வடிவில் இருக்கின்றன. முனையிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் ஒரு சுளை எவ்வளவு அகலமோ, மற்றச் சுளையும் அவ்வளவே. அதேபோலச் சிப்பியைச் சுளைகளைப் போன்ற விலாக்களாகப் பிரித்தால், எல்லா விலாக்களின் முதல் துண்டும் ஒரே அளவு. இரண்டாம் துண்டும் ஒரே அளவு. உயரமான சிப்பியின் விலாவில் துண்டுகள் அதிகம், சிறிய சிப்பியில் குறைவு, அவ்வளவே வேறுபாடு. சில அச்சுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

மெல்லிய சிப்பி என்ற எண்ணம் இத்துடன் கைவிடப்பட்டது. அதன் இடத்தில் கனமான விலாக்கள் வந்தன. இந்த வடிவம் விசைகளுக்கு மிகப் பொருத்தமானது என்று சொல்ல முடியாது. ஆனால் கட்டுவதற்குப் பொருத்தமானது. இக்கட்டுரையின் உயிர்நாடியே இதுதான்: “எப்படிக் கட்டுவது?” என்ற கேள்வியே இங்கு வடிவத்தைத் தீர்மானித்தது.

இரண்டாம் கட்டம்: கட்டுபவர் மேசைக்கு வந்தார்

கூரைக்கு வழக்கமான டெண்டர் கோர முடியவில்லை. இதுவரை எவரும் செய்திராத வேலைக்கு எந்த ஒப்பந்தக்காரர் நம்பகமான விலை சொல்வார்? அஞ்சியவர் மிக அதிகமாகக் கேட்பார். துணிந்தவர் குறைவாகக் கேட்டுப் பிறகு வழக்குத் தொடுப்பார். எனவே 1962இல் எம். ஆர். ஹார்னிபுரூக் என்னும் நிறுவனத்துடன் பேசி ஒப்பந்தம் செய்தார்கள். ஆகும் செலவும் அதன்மேல் ஊதியமும் தருவது என்பது ஏற்பாடு. ஹார்னிபுரூக் பாலங்கள் கட்டித் தேர்ந்த நிறுவனம். அதன் சார்பில் வேலையை நடத்தியவர் கோர்பெட் கோர். அவரும் அவருடைய பொறியாளர்களும் அருப்பின் ஆட்களோடும் உட்சனோடும் சேர்ந்து, கட்டும் முறையை வடிவமைப்பின் ஒரு பகுதியாகவே உருவாக்கினார்கள்.

அதன் பலனைப் பாருங்கள். முதல் சிக்கல் சாரம். உயரமான சிப்பியின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 67 மீட்டர். அதன் அடியில் தரையிலிருந்து சாரம் எழுப்பினால் ஒரு காட்டையே நட்டதுபோல் ஆகும். ஹார்னிபுரூக் நிறுவனத்தார் அதற்குப் பதிலாக வளைந்த எஃகுச் சட்டம் ஒன்றைப் படைத்தார்கள். வேண்டியபடி நீட்டவும் குறுக்கவும் பக்கவாட்டில் நகர்த்தவும் கூடிய சட்டம் அது. ஒரு விலாவின் துண்டுகளை அதன்மேல் வரிசையாக வைத்து, இணைத்து, இறுக்கி முடித்தபின் சட்டம் அடுத்த விலாவுக்கு நகரும். முன்பு கட்டிய விலாவே அடுத்ததற்குத் துணை நிற்கும். இச்சட்டத்தின் கணக்குகளைப் போட்டவர் ஜோ பெர்டோனி என்ற பொறியாளர். சுமார் 30,000 சமன்பாடுகளை அவர் கையால் எழுதித் தீர்த்தார். பிறகு கணினியில் சரிபார்த்தபோது அவை சரியாகவே இருந்தன.

அடுத்தது இணைப்பு. துண்டுகளுக்கிடையே கான்கிரீட் இட்டால் அது இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பதில் எப்பாக்சி என்னும் ஒட்டுப் பிசினைத் தடவினார்கள். பின்னர் துண்டுகளின் ஊடே எஃகு வடங்களைச் செலுத்தி முறுக்கேற்றினார்கள். இதன் தத்துவத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஐந்தாறு புத்தகங்களை நிமிர்த்தி வரிசையாகச் சேர்த்து, இரு முனைகளிலும் கைகளால் அழுத்தித் தூக்குங்கள். நடுவே தாங்குவார் இல்லாமலே அவை ஒரே உத்தரம்போல் நிற்கும். கைகளின் அழுத்தத்தைத் தளர்த்தினால் எல்லாம் உதிர்ந்துவிடும். கான்கிரீட் துண்டுகளில் அந்தக் கைகளின் வேலையை எஃகு வடங்கள் செய்கின்றன. மொத்தம் 2,194 துண்டுகள். ஒவ்வொன்றும் 15 டன் வரை எடை. அவற்றைப் பிணைத்த வடத்தின் நீளம் 350 கிலோ மீட்டர்.

துண்டுகளை வேலை நடந்த இடத்திலேயே வார்த்தார்கள். வைத்த ஒவ்வொரு துண்டின் இடத்தையும் நில அளவையாளர்கள் அளந்து திருத்தினார்கள். இது எளிய வேலை அல்ல. கான்கிரீட் ஒரு செல்சியஸ் டிகிரி சூடேறினால் ஒவ்வொரு மீட்டரிலும் ஏறக்குறைய ஒரு மில்லி மீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளும். 60 மீட்டர் நீளமுள்ள உறுப்பு 20 டிகிரி சூடேறினால் என்ன ஆகும்? பெருக்கிப் பாருங்கள்: 12 மில்லி மீட்டர். காலையில் அளந்த விலா நண்பகலில் வேறிடத்தில் இருக்கும்! படம் வரைபவரின் மேசையில் வெயில் அடிப்பதில்லை. கட்டுபவருக்குத்தான் வெயில் தெரியும்.

கூரையின் வெண்மைக்குக் காரணமான பீங்கான் ஓடுகள் 10 லட்சத்துக்கும் மேல். அவற்றை அந்தரத்தில் தொங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதிக்கவில்லை. தரையிலேயே பெரிய பலகங்களாக வார்த்து, பிறகு தூக்கிப் பொருத்தினார்கள். 1967 ஜனவரியில் கடைசி விலாத் துண்டு தன் இடத்தை அடைந்தது.

பொறியாளர் ஓவ் அருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1946இல் தம் ஆலோசனை நிறுவனத்தைத் தொடங்குமுன் அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் கட்டுமான நிறுவனங்களிலேயே பணியாற்றியவர். வரைவதும் கட்டுவதும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்று வாழ்நாள் முழுதும் வாதிட்டவர். கட்டுபவரோடு உட்கார்ந்து சிந்திப்பதை அவர் கௌரவக் குறைவாகக் கருதாததில் வியப்பில்லை.

மூன்றாம் கட்டம்: மாதிரி செய்ய மறுத்த கதை

வெளிக்கூடு முடிந்தது. இனி உள்ளே அரங்குகள், மேற்கூரைத் தடுப்புகள், கண்ணாடிச் சுவர்கள். உட்சன் கூரையில் கற்ற பாடத்தை இங்கேயும் கையாள விரும்பினார். சிட்னியில் ரால்ப் சைமண்ட்ஸ் என்ற ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை இருந்தது. 15 மீட்டர் நீளம் வரை ஒரே பலகையாகச் செய்யும் ஆற்றல் அதற்கு இருந்தது. அத்தொழிற்சாலையோடு சேர்ந்து முழு அளவு மாதிரிகளைச் செய்து பார்த்து, ஒலியும் வலுவும் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து, பிறகு முடிவான படங்களை வரைவது அவர் எண்ணம். அதாவது, செய்பவரைத் திட்டமிடும்போதே சேர்த்துக்கொள்வது.

1965 மே மாதம் ஆட்சி மாறியது. பொதுப்பணித் துறை அமைச்சராக டேவிஸ் ஹியூஸ் வந்தார். செலவு ஏறிக்கொண்டே போவதை நிறுத்துவோம் என்று வாக்களித்து வந்த அரசு அது. “முடிவான படங்கள் எங்கே? ஒரே நிறுவனத்துக்கு ஏன் வேலை தர வேண்டும்? எல்லோரிடமும் டெண்டர் கேட்க வேண்டும்” என்றார் அவர். உட்சனோ, மாதிரி செய்யாமல் படம் முடிவாகாது என்றார். மாதிரி செய்யப் பணம் தர அமைச்சர் மறுத்தார். உட்சனுக்குச் சேர வேண்டிய கட்டணமும் நின்றது. 1966 பிப்ரவரி 28ஆம் நாள் உட்சன் விலகினார். சில வாரங்களில் நாட்டை விட்டே சென்றார். பிறகு ஒருபோதும் திரும்பி வரவில்லை. தாம் படைத்த மாளிகையை முடிந்த கோலத்தில் அவர் கண்ணால் காணவே இல்லை.

இக்கதையில் அமைச்சரைத் தீயவராக்கிவிடுவது எளிது. அது நியாயமாகாது. பொதுப் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர். போட்டியின்றி ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தால் எதிர்க்கட்சி கேட்கும், பத்திரிகை கேட்கும், அவை கேட்கத்தான் வேண்டும். ஒட்டுப்பலகைத் திட்டம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்ற ஐயம் அருப்பின் பொறியாளர்களுக்கும் இருந்தது. ஆனால் ஐயத்தைத் தீர்க்கும் வழி எது? சோதனை. அந்தச் சோதனைக்குத்தான் பணம் மறுக்கப்பட்டது. கோடிக்கணக்கில் செலவிட இருக்கும் வேலையில் சில மாதிரிகளுக்கான தொகையை மிச்சம் பிடித்தது, ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டுத் தேர்வில் விடையை எதிர்பார்ப்பதற்கு ஒப்பாகும்.

உட்சனுக்குப் பின் பீட்டர் ஹால் முதலிய ஆஸ்திரேலியக் கலைஞர்கள் பொறுப்பேற்றார்கள். பெரிய அரங்கில் ஆப்பெராவும் இசையும் இரண்டுமே நடக்கும் என்ற பழைய திட்டம் மாறி, அது இசைக்கு மட்டும் என்றாயிற்று. அங்கே முன்பே பொருத்திய மேடை இயந்திரங்களை அகற்ற வேண்டி வந்தது. ஆப்பெரா சிறிய அரங்குக்குச் சென்றது. அங்கே இசைக்குழுவுக்கு இடம் போதவில்லை. 1973 அக்டோபர் 20ஆம் நாள் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் மாளிகையைத் திறந்துவைத்தார். பெரிய அரங்கின் ஒலிநலம் குறித்த குறைகள் நெடுங்காலம் தொடர்ந்தன. 2020இல் அதை மூடி, விரிவாகச் சீரமைத்து 2022இல்தான் மீண்டும் திறந்தார்கள்.

கணக்கேடு பேசுகிறது

மொத்தச் செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர். முதல் மதிப்பீட்டைப்போல் 14 மடங்குக்கும் மேல். “அந்த விசித்திரக் கூரைதான் இத்தனை பணத்தையும் விழுங்கியது” என்றே பலரும் எண்ணுகிறார்கள். கணக்கைப் பிரித்துப் பாருங்கள். அடிமேடைக்குச் சுமார் 55 லட்சம். கூரைக்குச் சுமார் 1 கோடியே 25 லட்சம். உள் வேலை முதலியவை அடங்கிய மூன்றாம் கட்டத்துக்குச் சுமார் 5 கோடியே 65 லட்சம். மீதம் மேடைக் கருவிகள், கட்டணங்கள் முதலியவை.

உலகிலேயே எவரும் கட்டியிராத கூரைக்கு ஆனது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குதான்! இதிலிருந்து, கட்டுபவரைக் கலந்தால் செலவு குறையும், கலக்காவிட்டால் கூடும் என்று உடனே சூத்திரம் எழுதிவிடக் கூடாது. மூன்றாம் கட்டத்தில் வேலையின் அளவே பெரிது. அரங்குகளின் பயன் நடுவில் மாறியது. ஆண்டுகள் செல்லச் செல்ல விலைவாசியும் ஏறியது. கூரையும் எதிர்பார்த்ததைவிட அதிக காலமும் பணமும் கேட்டது. ஆனால் ஒன்று உறுதி. மிகக் கடினமான பகுதியே செலவைப் பெருக்கும் என்பது இல்லை. முடிவாகாத பகுதி, பிறகு மாற்றப்பட்ட பகுதி, சோதிக்கப்படாத பகுதி, இவையே பணத்தைத் தின்றன.

இரு நியாயங்களும் சேர்ந்து வாழ முடியுமா?

சிட்னியில் விலாக்கள் எழுந்துகொண்டிருந்த அதே 1964இல் இங்கிலாந்தில் பான்வெல் குழுவின் அறிக்கை வெளிவந்தது. வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும் என்றும், வழக்கமான முறையில் ஒப்பந்தக்காரர் வடிவமைப்பிலிருந்து மிகத் தொலைவில் நிறுத்தப்படுகிறார் என்றும் அது கூறியது. 1994இல் லேதம் அறிக்கையும் ஒத்துழைப்பையே வலியுறுத்தியது.

இதற்கென உருவான முறைகளில் இரண்டு படி டெண்டர் ஒன்று. முதற்படியில் முழு வேலைக்கும் விலை கேட்பதில்லை. யாருக்கு அனுபவம் உண்டு, யாரை வேலைக்கு அனுப்புவார்கள், லாப விகிதம் எவ்வளவு கேட்கிறார்கள் என்பவற்றில் போட்டி நடக்கும். வென்றவர் வடிவமைப்பாளருடன் அமர்ந்து யோசனை சொல்வார். அதற்கு அவருக்கு ஊதியம் உண்டு. படங்கள் முதிர்ந்தபின் இரண்டாம் படியில் முழு விலை முடிவாகும். அரசின் சார்பில் தனி மதிப்பீட்டாளர் அந்த விலையைச் சரிபார்ப்பார். விலை நியாயமில்லை என்றால் அரசு வேறு ஒப்பந்தக்காரரை நாடலாம். போட்டியும் உண்டு, கலந்தாய்வும் உண்டு.

ஆஸ்திரேலியாவே இதில் மேலும் ஒரு படி சென்றது. கான்பெர்ராவில் தேசிய அருங்காட்சியகம் கட்டியபோது அரசு, வடிவமைப்பாளர், கட்டுபவர் அனைவரும் ஒரே கூட்டணியாக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். செலவு குறைந்தால் பயன் எல்லோருக்கும். கூடினால் சுமையும் எல்லோருக்கும். அந்த அருங்காட்சியகம் ஆஸ்திரேலியக் கூட்டாட்சியின் நூற்றாண்டாகிய 2001இல், மார்ச் 11ஆம் நாள் திறக்கப்பட்டது.

இம்முறைகளிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. உள்ளே வந்துவிட்ட ஒப்பந்தக்காரர், “இனி என்னை விட்டால் வேறு ஆள் இல்லை” என்று விலையை ஏற்றலாம். தமக்கு வசதியான பொருளையும் முறையையும் வடிவத்தில் புகுத்தலாம். இதற்குக் காப்பு ஒன்றுதான். அரசின் பக்கம் தேர்ந்த பொறியாளர்கள் இருக்க வேண்டும். ஒவ்வொரு முடிவும் காரணத்தோடு எழுதப்பட்டு எவரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். கேட்கத் தெரிந்தவருக்குத்தான் கலந்தாய்வு பயன்படும். கேட்கத் தெரியாதவர் டெண்டர் விட்டாலும் ஏமாறுவார், விடாவிட்டாலும் ஏமாறுவார்.

வடிவமைப்புக் கலையின் மிக உயர்ந்த பிரிட்ஸ்கர் பரிசு 2003இல் உட்சனுக்குக் கிடைத்தது. 2007இல் மாளிகை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. மறு ஆண்டு உட்சன் மறைந்தார். லாட்டரியின் உதவியால் மாளிகையின் கடன் 1975லேயே அடைந்துவிட்டது. பணக் கணக்கு அத்துடன் தீர்ந்தது. உட்சன் உள்ளே அமைக்க நினைத்த அரங்கம் எப்படி ஒலித்திருக்கும் என்ற கணக்கு மட்டும் தீரவே இல்லை. மாதிரி செய்து பார்த்திருந்தால் அது நன்று என்றாவது, நன்றன்று என்றாவது தெரிந்திருக்கும்.

உங்களில் சிலர் நாளை பொறியாளர்களாவீர்கள். சிலர் டெண்டர் கோப்புகளில் கையெழுத்திடும் அதிகாரிகளாவீர்கள். பலர் வரி செலுத்தும் குடிமக்களாவீர்கள். உங்கள் ஊரில் ஒரு பெரிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்படும்போது, “எவ்வளவு செலவு?” என்று மட்டும் கேட்காதீர்கள். “இதை எப்படிக் கட்டப் போகிறீர்கள் என்று கட்டுபவரைக் கேட்டாயிற்றா? எப்போது கேட்டீர்கள்?” என்றும் கேளுங்கள். ரப்பர் கையில் இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி அது.